உக்கிராணக்காரனும் முல்லைக்காரனும்: சுற்றாடல் பற்றிய கிறிஸ்தவ நோக்கு, படுவான்கரையிலிருந்து ஒரு திறனாய்வு

1967ஆம் ஆண்டிலே அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைற் 'சயன்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையொன்று கிறிஸ்தவ உலகினைக் கூண்டில் ஏற்றியது. இயற்கை மனிதனின் பயன்பாட்டுக்கென்றே படைக்கப்பட்டது எனும் எண்ணத்தை மேலைக் கிறிஸ்தவம் வளர்த்தது என்பதும், இன்றைய சுற்றாடல் நெருக்கடியின் வேர் அவ்வெண்ணத்திலே உள்ளது என்பதும் அவரது குற்றச்சாட்டுகள். அன்று தொடங்கிக் கிறிஸ்தவ இறையியலாளர் அளித்துவரும் விடைகளுள் பெருவழக்குப் பெற்றது 'பொறுப்பாண்மை'க் கோட்பாடாகும். மனிதன் பூமியின் உரிமையாளனல்லன். உரிமையாளராகிய இறைவன் நியமித்த பொறுப்பாளன் மாத்திரமே என்பது அதன் சாரம். தமிழ் வேதாகமம் இப்பொறுப்பாளனை 'உக்கிராணக்காரன்' என அழைக்கும்.

இவ்விடை எந்த அளவுக்கு நிறைவானது? இவ்வினாவை மட்டக்களப்பு வாவியின் மேற்கே, போரதீவுப்பற்றின் நிர்வாக மையமாகிய வெல்லாவெளியை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பகுதி மக்களுட் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவ்வாறாயின் அங்கு நின்று கிறிஸ்தவக் கோட்பாடொன்றை அளப்பானேன் என வினவலாம். கோட்பாடொன்றின் தரத்தை அதனை ஏற்றுக்கொண்டோர் மத்தியில் மட்டுமன்றி, அது பேசுகின்ற நிலத்தில் உழைப்போர் மத்தியிலும் வைத்துச் சோதித்தல் வேண்டும் என்பதே எமது விடை.

1

முதலிற் சொற்களை நோக்குவோம். ஆதியாகமத்தின் தொடக்கத்திலே மனிதனுக்கும் பூமிக்கும் உள்ள உறவினைக் குறிக்க இரு வேறு சொற்றொகுதிகள் உள்ளன. முதலாம் அதிகாரம் பூமியைக் 'கீழ்ப்படுத்துதல்', உயிர்களை 'ஆண்டுகொள்ளுதல்' என்பவற்றைப் பேசும். இரண்டாம் அதிகாரம் தோட்டத்தைப் 'பண்படுத்துதல்', 'காத்தல்' என்பவற்றைப் பேசும். 1871இல் நிறைவுற்ற தமிழ் மொழிபெயர்ப்பின் வழியாக இச்சொற்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவரின் செவியிற் பதிந்தவை.

பண்படுத்துதல் என மொழிபெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல்லுக்குப் பணிசெய்தல், ஊழியம் புரிதல் என்னும் பொருள்களும் உண்டு. எனவே நிலத்தை உழுதல் நிலத்துக்குத் தொண்டு செய்தலும் ஆகும் என்பது மூலத்திலே தொனிக்கின்றது. இத்தொனி தமிழில் அமையவில்லை. இதற்கு மாறாக, கீழ்ப்படுத்துதல் என்பதன் மூலச்சொல்லாகிய 'கபாஷ்' மிகக் கடுமையானது. தோற்ற நாட்டை வென்றடக்குதற்கும், மனிதரை அடிமைப்படுத்துதற்கும் எபிரேய நூல்கள் இச்சொல்லையே ஆளுகின்றன.

இவ்விடத்தில் நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. பஞ்சத்தினாலும் அரச வரியினாலும் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் அடகுவைத்த குடியானவர்கள், தம் பிள்ளைகள் அடிமைகளாக்கப்படுவதாக அங்கு முறையிடுகின்றனர். பூமியைக் கீழ்ப்படுத்துவதற்கு ஆதியாகமம் கையாண்ட அதே வினைச்சொல்லே கடன்பட்டவனின் பிள்ளையை அடிமைப்படுத்துவதற்கும் அங்கே ஆளப்படுகின்றது. ஆகவே நிலத்தின் மீதான ஆதிக்கமும் மனிதர் மீதான ஆதிக்கமும் ஒன்றோடொன்று தொடர்புற்றவை என்பதற்கான சான்று வேதாகமத்தின் சொல்லாட்சியிலேயே கிடைக்கின்றது எனலாம். லின் வைற்றின் குற்றச்சாட்டை மறுக்க முற்பட்டோரும், அதனை ஏற்றுக்கொண்டோரும் 'மனிதன்' என்ற ஒருமைச் சொல்லோடு அமைந்தமையால், இத்தொடர்பு அவர்களின் கண்ணுக்குப் பெரிதும் புலப்படவில்லை.

2

மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிஷன் 1814ஆம் ஆண்டிலே வந்தது. கல்வித்துறையில் அது ஆற்றிய பணி எவராலும் மறுக்கப்படாதது. ஆனால் மிஷனரிமார் வந்த கப்பலுக்கும், ஆளுநர்மார் வந்த கப்பலுக்கும் கொடி ஒன்றே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. சேனைப்பயிர், மேய்ச்சல், விறகு, தேன் ஆகியவற்றுக்காகக் குடிமக்கள் பரம்பரையாகப் பொதுவில் அனுபவித்த காடு, ஏட்டளவில் அரசின் சொத்தாயிற்று.

இக்கால மனப்பாங்கினைக் காட்டுதற்கு ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் தக்க எடுத்துக்காட்டு ஆவார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய அவர், 1850இல் 'இலங்கையிற் கிறிஸ்தவம்' என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் இந்நாட்டின் இயற்கை வரலாற்றையும் எழுதினார். 1848இலே மட்டக்களப்பு வாவியில் இரவிலே தோணியிற் சென்று, நீரினடியிலிருந்து எழும் இசையொலியைக் காதால் கேட்டு வியந்து பதிவுசெய்தவரும் அவரே. மதப்பற்றும் இயற்கை மீதான வியப்பும் அவரிடம் ஒருங்கே இருந்தன. ஆயினும் அவர் பணியாற்றிய அரசாங்கம் யானையைக் கொல்வோருக்குச் சன்மானம் வழங்கியது. காடழித்துக் கோப்பித் தோட்டங்களை விரித்தது. இயற்கையை நேசித்தல் வேறு, இயற்கையைச் சூறையாடும் ஓர் அமைப்பிலே தனது இடம் யாது எனக் கேட்டல் வேறு. முன்னையது பின்னையதற்கு ஈடாகாது.

3

இனிப் பொறுப்பாண்மைக் கோட்பாட்டினை நோக்குவோம். உக்கிராணம் என்பது பண்டசாலை. உக்கிராணக்காரன் பண்டசாலையின் பொறுப்பாளன். லூக்கா சுவிசேஷத்தின் பதினாறாம் அதிகாரத்திலே வரும் உக்கிராணக்காரனின் கதை பலரும் அறிந்ததே. செல்வன் ஒருவன், அவனது சொத்தை மேற்பார்க்கும் உக்கிராணக்காரன், எண்ணெயும் கோதுமையுமாகக் கடன்பட்டிருக்கும் குடிகள். வேலை பறிபோகும் நிலையில் உக்கிராணக்காரன் கடன் சீட்டுகளைத் திருத்தி, நூறை ஐம்பதாகவும் நூறை எண்பதாகவும் குறைக்கின்றான். உரிமையாளன் அப்பால் இருக்க, விளைபொருளிலே கடன் செலுத்தும் குடியானவர் நிலத்திலே உழலும் ஒரு சமூக அமைப்பே இக்கதையின் பின்புலம்.

மட்டக்களப்பு வாசகருக்கு இப்பின்புலம் அந்நியமானதன்று. எழுவான்கரையிலே வீடும் வளவும், படுவான்கரையிலே வயலும் கொண்ட போடியார்கள் நீண்டகாலம் இப்பிரதேசத்தின் பொருளாதாரத்தை நடத்தினர். வயல் வாடியிலே தங்கி, உழவு முதல் சூடடிப்பு வரை மேற்பார்த்து, நெல்லாகக் கூலி பெற்றவன் முல்லைக்காரன். உரிமையாளனுக்காகப் பிறர் சொத்தைப் பேணுபவன் என்ற வகையில் முல்லைக்காரனே படுவான்கரையின் உக்கிராணக்காரன். அவன் நிலத்தை நன்கு அறிந்தவன். மழையின் குறி, பூச்சியின் குணம், வாய்க்காலின் போக்கு யாவும் அவனுக்கு அத்துப்படி. ஆனால் எதனை விதைப்பது, எவ்வளவு காட்டை வெட்டுவது, விளைச்சலை எவருக்கு விற்பது என்ற முடிவுகள் அவனுடையன அல்ல.

பொறுப்பாண்மைக் கோட்பாட்டின் அடிப்படைக் குறைபாடு இங்குதான் வெளிப்படுகின்றது. 'நாம் யாவரும் உக்கிராணக்காரரே' எனப் போதிக்கும்போது, வயலுக்குச் சொந்தக்காரனும், குத்தகைக்காரனும், கூலிக்கு நாற்று நடும் பெண்ணும், இரசாயன இறக்குமதியாளனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். பொறுப்புச் சமமாகப் பங்கிடப்படுகின்றது, அதிகாரமோ பங்கிடப்படுவதில்லை. அதிகாரமற்றவன் மீது பொறுப்பைச் சுமத்தும் அறம், எத்துணைப் பக்தியோடு கூறப்படினும், உள்ள நிலைமைக்குக் காவலாகவே அமையும்.

இதற்கு அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டினைச் சுட்டலாம். 2021 மே மாதத்திலே, மண்ணையும் மக்கள் நலத்தையும் காத்தல் என்னும் பெயரில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை தளர்த்தப்படினும், 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரும் வீழ்ச்சி கண்டது. நோக்கத்திலே குறை காண்பதற்கில்லை. ஆனால் 'காத்தல்' என்ற முடிவு கொழும்பிலே எடுக்கப்பட்டது. அதற்குரிய விலையைப் போரதீவுப்பற்றின் உழவனைப் போன்றோரே செலுத்தினர்.

மற்றையது யானைப் பிரச்சினை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400இற்கு மேற்பட்ட யானைகளும் 150இற்கு மேற்பட்ட மனிதர்களும் இம்மோதலில் மாண்டனர். வெல்லாவெளிப் பகுதியிலே கதிர் முற்றும் காலம் இரவுக் காவற் காலமுமாகும். யானையும் இறைவனின் படைப்பே எனப் பிரசங்கிப்பது எளிது. உழவன் அதனை மறுப்பவனுமல்லன். யானையின் பாதைகளை மறித்த குடியேற்றத் திட்டங்களையும் காடழிப்பையும் வகுத்தவர் எவர், அவற்றின் இலாபம் எவரிடம் சென்றது, நட்டம் மட்டும் பரணில் விழித்திருப்பவனுக்கு ஏன் வந்தது என்ற வினாக்களே அவனுக்கு முக்கியமானவை.

4

இவ்வினாக்களைக் கேட்ட கிறிஸ்தவர்கள் இல்லாமலில்லை. அவர்களைக் குறிப்பிடாதுவிடின் இத்திறனாய்வு நேர்மையற்றதாகும். கத்தோலிக்கத் துறவியான மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1980இல் ஊவாவின் புத்தளைப் பகுதியிலே, பௌத்த விவசாயக் கிராமமொன்றில் குடிசையமைத்து வாழத் தொடங்கினார். அவர் எவரையும் மதம் மாற்றச் செல்லவில்லை. மூலிகை மருத்துவத்தைப் பேணுவதற்கும், சீனி உற்பத்தித் திட்டத்துக்காகக் கரும்புச் செய்கை பரவியபோது நிலத்தை இழந்த குடியானவரின் உரிமைக்கும் துணைநின்றார். 1987 நவம்பர் 10ஆம் நாள், பூசை நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் வாழ்விலே மண்ணைக் காத்தலும் மண்ணில் உழைப்போரைக் காத்தலும் ஒரே பணியாக இருந்தன.

இத்தகைய நோக்குக்கு வேதாகமத்திலே ஆதாரமும் உண்டு. நாபோத் என்னும் குடியானவனின் திராட்சைத் தோட்டத்தை அரசன் ஆகாப் கவர்ந்த கதை, நிலப்பறிப்புக்கு எதிரான தீர்க்கதரிசியின் குரலாகும். லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் ஏழாண்டுக்கொருமுறை நிலத்துக்கு ஓய்வு கோருகின்றது. ஐம்பதாம் ஆண்டிலே இழந்த காணி இழந்தவனிடம் மீளவேண்டும் என்கின்றது. நிலத்தின் ஓய்வும் காணியின் மீட்பும் ஒரே சட்டத்தின் இரு பகுதிகள் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதைப் போதித்துவிட்டுக் காணி மீட்பைப் பற்றி வாய் திறவாதிருப்பது பாதிச் சட்டத்தை மறைப்பதாகும். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலிலும், நிலத்தின் முறையீட்டையும் வறியோரின் முறையீட்டையும் ஒருங்கே செவிமடுத்தல் வேண்டும் என்னும் கருத்து மையமாயுள்ளது. இம்மடல் மரநடுகை விழாவின் மேற்கோளாகச் சுருங்குமா, அன்றிக் காணி, நீர், மேய்ச்சல் தரை பற்றிய வழக்குகளிலே திருச்சபை உழைப்போர் பக்கம் நிற்பதற்குத் தூண்டுகோலாகுமா என்பதே இன்றைய கேள்வி.

5

முற்போக்காளராகிய நாமும் இவ்வழக்கிலே தூய கரத்தினர் அல்லேம். அணைக்கட்டும் இயந்திரக் கலப்பையும் இயற்கை மீது மனிதன் பெற்ற வெற்றியென நம்மவர் எழுதிய பக்கங்கள் பல. 'இயற்கையை வெல்லுதல்' என்ற நமது தொடர், 'கீழ்ப்படுத்துதல்' என்னும் வேதச் சொல்லின் உடன்பிறப்பே. ஆனால் நமது மூலவர்கள் இவ்விடயத்தில் நம்மிலும் நிதானமுடையோர். இயற்கை மீதான ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை பழிவாங்கும் என எங்கெல்ஸ் எச்சரித்தார். 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிலே, முழுச் சமுதாயமும்கூடப் பூமியின் உரிமையாளன் ஆகாது. நல்ல குடும்பத் தலைவர் போல அதனைச் செம்மைப்படுத்தி அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கவேண்டிய அனுபோகத்தரே மனிதர் என மார்க்ஸ் கூறினார்.

இக்கருத்தும் உக்கிராணக் கோட்பாடும் ஓரளவு ஒத்திருப்பது தற்செயலன்று. நிலம் தனிச்சொத்தாதலை இரண்டும் ஐயுறுகின்றன. வேறுபாடு யாதெனில், மார்க்ஸின் கூற்றிலே முல்லைக்காரனுக்கு மேல் போடியார் இல்லை. அதேவேளை, பழங்கிராம வாழ்வை இலட்சியமாக்குவதும் நமக்குத் தகாது. களவெட்டியிலே பொலி தூற்றும்போது பேணப்பட்ட மரியாதைச் சொற்களும் சடங்குகளும் விளைச்சல் மீதான மதிப்பைக் காட்டின. அதே களவெட்டியில்தான் உழைத்தவனின் பங்கு சிறுத்ததும் நிகழ்ந்தது.

முடிவாக, பொறுப்பாண்மைக் கோட்பாடு பொய்யன்று, அது அரைகுறையானது. அதனை முழுமையாக்கும் வினா ஒன்றே: எவருடைய உக்கிராணம்? படுவான்கரையின் உழவன் காட்டையும் குளத்தையும் காக்கவேண்டும் எனக் கூறுவோர், அவை பற்றிய முடிவுகளிலே அவனுக்கு உரிய இடத்தையும் கோருதல் வேண்டும். அவ்வாறு கோரும் கிறிஸ்தவரோடு சேர்ந்து நடப்பதற்கு முற்போக்காளருக்கு எத்தடையும் இல்லை. அவ்வாறு கோராதவிடத்து, 'காத்தல்' என்னும் அருஞ்சொல்லும் 'கீழ்ப்படுத்துதல்' என்பதன் மறுபெயராகவே முடியும்.