மேற்பார்வை என்றொரு சொல்

ஊழியருக்கு ஆண்டு மதிப்பெண் போடும்போது பாலினச் சாய்வு வராமல் பார்த்துக்கொள்ள அதிகாரிகளுக்கு இப்போது பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால், சாய்வு இருப்பது மதிப்பிடுகிறவர் மனத்தில் மட்டும்தானா?

ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில், 2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே உதவும். நிரந்தரப் பணி கேட்ட பெண்களைப் பழைய ஆண்டு ரகசிய அறிக்கைகளை வைத்து எடைபோட்டது ராணுவம். அவை எழுதப்பட்ட காலத்தில் பெரும்பாலான பிரிவுகளில் பெண்களுக்கு நிரந்தரப் பணியே கிடையாது. எப்படியும் போகப்போகிறவள்தானே என்று அசட்டையாகப் போட்ட தரம், பின்னாளில் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. எழுதியவர் பெண்ணை வெறுத்திருக்க வேண்டியதில்லை, ஏற்பாடே சாய்ந்திருந்தது. மறைமுகப் பாகுபாடு என்றது நீதிமன்றம். அந்த அதிகாரிகளுக்கு எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் இது மாறியிருக்காது.

அறிக்கைகூட இல்லாத இடங்களும் உண்டு. எங்கள் நாகல் நகரைக் கடந்து மில் வண்டிகளில் போகும் பெண்களுக்கு மதிப்பீடு என்பது படிவம் அல்ல. டார்கெட்டும் சூப்பர்வைசரின் வாயும்தான். மேற்பார்வை என்ற சொல்லே மேலிருந்து பார்ப்பதைத்தான் சொல்கிறது. அந்தப் பார்வையில் சாதியும் சேர்ந்தே இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார்; அவருடைய சூப்பர்வைசர் மீதே கொலை வழக்கு.

அதன் பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்தது. அதிலும் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி இருந்தது. ஆனால் பயிற்சியோடு நிற்கவில்லை. 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம், சங்கம் பயிற்சி தந்த கண்காணிப்பாளர்கள் தளத்திலேயே இருக்க வழி செய்தது. பாலினப் பாகுபாட்டோடு சாதிப் பாகுபாட்டையும் ஒப்பந்தம் பெயர் சொல்லித் தடுத்தது. ஆலை மீறினால் ஆடை வாங்கும் எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்கள் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. மேலிருந்து பார்க்கிறவரைக் கீழிருந்தும் பார்க்க வழி வந்தது.

மனத்தைத் திருத்தும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதல்ல. பதில் சொல்லும் கடமை இல்லாத அதிகாரிக்கு அந்த வகுப்பு ஒரு நாள் விடுப்பு மட்டுமே. ராணுவம் தவிர்த்த அரசு ஊழியருக்கு அவர் பெற்ற தரத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008இலேயே தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தையல் மிஷின் முன் அமர்ந்திருப்பவளுக்கும் அந்த உரிமை வேண்டும்: தனக்கு என்ன தரம், ஏன் அந்தத் தரம் என்று கேட்கவும், கேட்டபின் வேலையில் நீடிக்கவும்.