ஒளிக்கோட்டைச் சோதிக்கும் கை

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே மணலில் நீண்டு கிடக்கிறது தேற்றாத்தீவு. இப்படியான ஊர்களில் மேசன்மார் தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்தே மட்டம் பார்த்தார்கள். இப்போது கைக்கு அடக்கமான லேசர் கருவி சுவரில் சிவப்புக் கோடு போடுகிறது. 1960இல் தியோடர் மைமன் முதலில் ஒளிரச்செய்த லேசர், இன்று யன்னல் நிலைக்கு உயரம் சொல்கிறது.

நான் பெரிதும் ரசிப்பது, நல்ல மேசன் அந்தக் கோட்டையே சோதிக்கும் விதத்தை. கருவியை ஒரு சுவரோரம் வைத்து, அந்தச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் கோடு விழும் இடங்களைப் பென்சிலால் குறிப்பார். பிறகு கருவியை எதிர்ச்சுவரோரம் கொண்டுபோய், அங்குள்ள குறியில் கோடு விழும்படி உயரத்தைச் சரிசெய்து, முதற்சுவருக்குத் திருப்புவார். பழைய குறியிலேயே கோடு விழுந்தால் கருவி சரி. விலகினால், விலகலில் பாதிதான் அந்த அறை நீளத்துக்கான பிழை. மறைந்திருக்கும் பிழையை இரட்டிப்பாக்கி வெளியே இழுக்கும் அழகான கணக்கு இது!

கருவிக்குள் தொங்கும் சிறு ஊசல்தான் கோட்டைக் கிடையாக நிறுத்துகிறது. அதைப் பூட்டாமல் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் பிசகிவிடும். சோதிக்காத ஒளியை நம்பக்கூடாது.

கருவி ஒருமுறை கீழே விழுந்தாலும், அடுத்த கல் வைக்குமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.