நன்னூலின் நான்கு உவமைகளும் தலைமையாசிரியரும்

ஆசிரியராகத் தகாதவர்க்குப் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் நான்கு உவமைகள் கூறுவர். கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. இவற்றைப் பாடஞ்சொல்லும் முறைக்கே உரியனவாகக் கொண்டு, தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்து விட்டுவிடுதல் வழக்கமாயிற்று. உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரின் நாற்காலிக்கு இவை இன்னும் நன்கு பொருந்துதலை எண்ணுவார் சிலரே.

மடற்பனை தானே உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க இடந்தராது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தமக்குத் தோன்றும்போது மட்டும் சுற்றறிக்கை விடுக்கும் தலைவர் இவ்வினத்தவர். 'கண்டிப்பானவர்' என்று பெற்றோர் அவரைப் புகழ்வதும் உண்டு. அப்புகழ் பொருந்தாது. ஐயம் கேட்க ஆசிரியர் அஞ்சும் பள்ளியில், கால அட்டவணையிலுள்ள சிறு பிழைகூடத் தவணை முடியும்வரை திருத்தம் பெறாது. பெய்த முறை பிறழக் கொட்டுவது கழற்குடம். தேர்வு நாளையும் திடல் தூய்மையையும் ஒரே மூச்சிற் சொல்லிக் கூட்டத்தைக் கலைப்பவர்க்கு இது பொருந்தும். மேலிடத்துக் கடிதத்தைப் பூட்டிவைத்துத் துணுக்குத் துணுக்காக வெளிவிடுபவர் பருத்திக்குண்டிகை. இவ்விருவரையும் அறியாத ஆசிரியர் இரார்.

முடத்தெங்கே நின்று நோக்கத்தக்கது. ஒருவர் நீர் வார்க்க, காய் மற்றொருவர் வேலிக்குள் விழும். சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியில் இவ்வுவமைக்குப் புதியதொரு பொருள் உண்டு. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, 1960இல் உயர்நிலை வகுப்புகளையும் பெற்றது. ஒரே கூரை, ஒரே தலைமையாசிரியர். மாணாக்கன் ஒருநாள் வாராவிடினும் செய்தி நாலடி நடந்தால் உரியவரைச் சேரும். அப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பெயரைத் தாங்கிச் சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் இயங்கும் தமிழ்மொழி நிலையத்திற்கு, தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணாக்கர் பல பள்ளிகளிலிருந்து வருகின்றனர். பிள்ளை ஒன்று, அதற்குத் தலைவர் இருவர். தமிழ் நேரத்தில் பந்தாட்டப் பயிற்சி வைத்தால் நிலையத்திற்கு அறிவிப்பவர் யார்? நிலையத்திற்கு வாராதவன் எங்கிருந்தான் என்று பள்ளியைக் கேட்பவர் யார்? நிலையத்து ஆசிரியர் வார்த்த நீரின் காய், பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் விழுகிறது.

எனினும் பவணந்தியார் உவமை இங்கு முற்றும் பொருந்தாது. அவர் காட்டும் மரம் தானே வளைந்தது. இங்கு மரம் நேராகவே நிற்க, வேலிதான் இடையில் எழுந்தது. ஆதலின் ஆசிரியரைக் குறைகூறல் நேரிதன்று. ஓராசிரியர், அவர்பாற் பயிலும் மாணாக்கர் என்ற அளவிலேயே நன்னூல் நிற்கிறது. பயிற்சிக் கல்லூரிக் குறிப்புகளோ பெரும்பாலும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் செய்தி செல்லும் வழியையே விரித்துரைக்கின்றன. பக்கத்துப் பள்ளித் தலைவரோடு பேசும் வழியை இரண்டும் விரிக்கவில்லை.

திருக்குறளில் தூதுக்கென ஓரதிகாரமே உண்டு. கையிற் சீட்டுடன் அனுப்பப்படும் மாணாக்கன் அவ்விலக்கணத்துக்கு உரிய தூதன் ஆகான். சீட்டு புத்தகப்பையின் அடியில் தங்கிவிடும். அட்டவணை எழுதுமுன் தலைவர் இருவரும் நேரே பேசுதலும், வாராதார் பெயர் அன்று மாலையே பள்ளிக்குச் சேர்தலுமே வேண்டுவன.