துறையில் நிற்கும் பலகை

தென்பெண்ணையாற்றின் கரையில் உள்ள ஊர் மூங்கில்துறைப்பட்டு. ஊர்ப் பெயருக்குள்ளேயே ‘துறை’ என்னும் சொல் இருக்கிறது. ஆற்றில் இறங்குவதற்கு ஏற்ற இடத்தையே நம் முன்னோர் துறை என்றனர். இறங்கும் இடத்தைப் பெயரே சுட்டிக் காட்டியது. இன்று அந்த வேலை அறிவிப்புப் பலகைக்கு உரியது. பலகை அதைச் சரிவரச் செய்கிறதா?

நம் ஆற்றங்கரைகளில் வழக்கமாகக் காணும் பலகையை நினைத்துப் பாருங்கள். “ஆபத்தான பகுதி. குளிக்கத் தடை. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.” இத்தகைய பலகையில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, எழுத்தின் அளவு. குறையற்ற கண்ணுக்கு 30 மீட்டர் தொலைவிலிருந்து ஓர் எழுத்து புலப்பட, அதன் உயரம் குறைந்தது 4.4 செ.மீ. இருக்க வேண்டும். இது பார்வையின் எல்லை. தயக்கமின்றிப் படிக்க இதைப்போல் இரு மடங்காவது தேவை. சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இன்னும் கூடுதல் வேண்டும். ஆனால் பல பலகைகளில் அரசுத் துறையின் பெயர் பெரிதாகவும், ஆற்றுத் துறையின் ஆபத்து சிறிதாகவும் இருக்கக் காண்கிறோம்!

இரண்டாவது, காரணம் கூறாமை. கணுக்கால் அளவு நீர் அமைதியாக ஓடும்போது, சிறுவன் பலகையை நம்புவானா, தண்ணீரை நம்புவானா? மேலே, 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இருக்கிறது. மழை வேறெங்கோ பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, அந்த அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அதாவது ஒவ்வொரு நொடியும் சுமார் 4,750 டன் தண்ணீர்! நீரின் வேகம் இரு மடங்கானால், அது நம் கால்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணல் அள்ளிய குழியோ கலங்கிய நீரில் கண்ணுக்கே தெரியாது. இவற்றுள் ஒன்றையேனும் பலகை சொன்னால், தடைக்குப் பொருள் விளங்கும்.

மூன்றாவது, வழி காட்டாமை. “இங்கே கூடாது” என்றால், எங்கே கூடும்? குளிக்கவும் துவைக்கவும் வருபவர் எப்படியும் இறங்கத்தான் செய்வர். உலகப் பொது வழக்கில் சிவப்பு வட்டம் தடையையும், மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கையையும், பச்சைச் சதுரம் பாதுகாப்பான வழியையும் குறிக்கும். எழுத்தறியாதவருக்கும் இவை பயன்படும். நம் ஆற்றங்கரைகளில் பச்சையைக் காண்பது அரிது.

நல்ல பலகைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாதை பிரியும் இடத்தில் அம்புக்குறியும் படமும் போதும். படித்துறையில், நந்தி மலையில் தொடங்கிக் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரில் கடல் சேரும் ஆற்றின் எளிய படமும், “நீங்கள் இங்கே” என்ற புள்ளியும் இருக்கட்டும். பாலத்தூணில் 2024 வெள்ளத்தின் உயரத்தைக் கோடிட்டுக் காட்டலாம். நூறு எச்சரிக்கைகளைவிட அந்தக் கோடு உரக்கப் பேசும்.

பலகை மட்டுமே உயிர் காத்துவிடாது. அணை திறக்கும்போது சங்கொலியும், கரையில் மிதவை வளையமும் வேண்டும். ஆனால் சங்கு ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதைப் பலகைதான் முன்கூட்டியே கற்பிக்க முடியும்.

மாணவர்களே, உங்கள் ஊர்த் துறையில் உள்ள பலகைக்கு 30 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையெனில், எழுத்தின் உயரத்தை அளந்து ஊராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.