ஈர மணலில் ஒரு துளை

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போனால் கடலுணவு தாராளமாகக் கிடைக்கும். அப்படியிருந்தும் சாங்கிக் கடற்கரையில் குனிந்து மணலைக் கிளறுவோர் தேடுவது கறிக்கான பொருளை மட்டுமல்ல. அந்தத் தேடல் கடலைப் படிக்கும் கலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். நீர் வற்றும் நேரமும் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஈர மணலில் சிறு துளை தெரியும்; அருகே கால் வைத்தால் சில சமயம் நீர் பீச்சும். உணவும் மூச்சும் வாங்க மட்டி நீட்டும் குழாயின் வாசல் அது. விரலால் தோண்டினால், நாக்குப் போன்ற காலை மணலில் ஊன்றி இன்னும் ஆழத்துக்கு இறங்கும்.

மட்டியை எடுக்க வேண்டாம் என்றால், கம்பத்துக் (கிராமத்து) காலத்தில் எடுத்துத் தின்னவில்லையா என்று கேட்பது நியாயமே. ஆனால் அன்று கரை நீளம், கைகள் குறைவு. 2021 ஜூன் பள்ளி விடுமுறையில் சாங்கியில் திரண்டது போன்ற கூட்டம் ஆளுக்கொரு கை அள்ளினாலே கரை வெறுமையாகும். அப்படியானால் யாருமே போகக்கூடாது என்பதும் சரியல்ல. புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரையில் நிலமீட்புத் திட்டம் 2001 டிசம்பரில் தள்ளிவைக்கப்பட்டதற்கு, மக்கள் நேரில் போய்ப் பார்த்து மனம் பறிகொடுத்ததும் ஒரு காரணம். பார்த்தவர்களே காக்க முன்வந்தார்கள். எனவே இந்தக் கலையின் சுவை கண்டுபிடிப்பதில் இருக்கிறது, வாளியை நிரப்புவதில் இல்லை. பிள்ளைகளை அழைத்துப் போங்கள்; மட்டியைக் காட்டுங்கள்; எடுத்த இடத்திலேயே விட்டு, குழியை மூடிவிட்டு வாருங்கள்.