பூட்டப்பட்ட விரிவுரைகள்

அறிவு மக்களின் பொதுச் சொத்து என்று பல்கலைக்கழகங்கள் யாவும் கூறுகின்றன. அம்மக்களுள் யார் யார் அடங்குவர் என்று கேட்டால்தான் அக்கூற்றின் உண்மை புலப்படும். கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் செயலொன்றை நாம் இந்நோக்கிலேயே ஆராய விரும்புகிறோம்.

போலியோவினால் கைகால் செயலிழந்து, இரவில் இரும்புச் சுவாசக் கருவிக்குள் உறங்கிய எட் றொபேட்ஸ் 1962இல் மாணவராக நுழைந்த இடம் பேர்க்லி. அங்கு வளர்ந்த உரிமை இயக்கத்தினர் 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் அரசாங்கக் கட்டடமொன்றினுள் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடினர். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு அதன் பின்னரே செயல்வடிவம் பெற்றது. 1990இல் அமெரிக்க உடற்குறையுடையோர் சட்டமும் பிறந்தது.

இத்தகைய வரலாறுடைய பேர்க்லி, தன் விரிவுரைகளை இணையத்தில் இலவசமாக வழங்கிற்று. ஆனால், பல பதிவுகளில் பேச்சு எழுத்தாகத் திரையில் தோன்றவில்லை. செவிப்புலனற்றோர் முறையிட்டனர். சட்டம் மீறப்பட்டுள்ளதென 2016இல் நீதித் திணைக்களம் கண்டது. பல்கலைக்கழகமோ 2017இல் 20,000க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்களுக்கு எட்டாதவாறு பூட்டிற்று. செலவையும், பிறர் பதிவுகளைக் களவாடி இலாபம் பெறுவதையும் அது காரணமாகக் காட்டிற்று.

‘ஒரு சிலரின் முறைப்பாட்டால் உலகமே இழந்தது’ என்ற குரல் அப்போது எழுந்தது. இது ஆபத்தான வாதம். கட்டணம் கட்ட வழியற்ற மாணவனையும் காது கேளாத மாணவனையும் மோதவிட்டு, பூட்டியவரைத் தப்பவிடும் வாதம். முறையிட்டோர் எழுத்தையே கேட்டனர், பூட்டைக் கேட்கவில்லை. தாங்கொணாச் சுமையென நிறுவனம் நிரூபித்தால் சட்டமே விலக்களிக்கிறது. கட்டடம் எழும்போதே சாய்தளம் அமைத்தால் செலவு சொற்பம். கட்டிமுடித்தபின் இடித்து அமைப்பதே பெருஞ்செலவு. தொழில்நுட்பத்துக்கும் இது பொருந்தும்.

2022இல் அரசாங்கத்துடன் செய்த உடன்பாட்டில், இணையப் பாடங்களையும் பதிவுகளையும் யாவரும் பயன்படுத்தத்தக்கதாக்கப் பேர்க்லி ஒப்புக்கொண்டது. பெருஞ்செலவு எனப்பட்டது ஈற்றில் கடமையாயிற்று.

புதிய கருவியொன்று விரிவுரை மண்டபத்துள் வருமுன்னரே, அதனால் வெளியே நிற்கப்போகிறவர் யார் என்று கேட்பது ஆசிரியர், மாணவர் அனைவரதும் பொறுப்பென நாம் கருதுகிறோம்.