நடுவர் இருக்கிறார், பதில் சொல்பவர் எங்கே?

மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கிய பிறகு, மாலை மேடைகளில் மருத்துவர்களுக்கு நிரந்தர நாற்காலி கிடைத்துவிட்டது. அடுத்த கட்டமாக, பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் கருத்தரங்க அறையை விட்டு வெளியே வந்து, பட்டிமன்றத்திலும் விவாத அரங்கிலும் அணி பிரிந்து வாதாட வேண்டும் என்கிறார்கள் சிலர். ஆய்வுக் கட்டுரையை நூறு பேர் படித்தாலே அதிகம், பட்டிமன்றத்தை ஊரே கேட்கும் என்பது அவர்கள் தரப்பு.

கேட்கும்தான். நோய்ப்பரவலைத் தமிழில் சொல்லிப் பழகாத ஒருவர், முன்வரிசையில் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் பாட்டிக்குப் புரிகிற மாதிரி பேசியாக வேண்டும் என்ற நெருக்கடி நல்லதே. கொரோனா நாட்களில் வாட்ஸாப் வைத்தியர்களிடம் களத்தை விட்டுவிட்டு நிபுணர்கள் பலர் ஒதுங்கி நின்றதன் பலனையும் பார்த்தோம்.

இரண்டு அணி என்ற அமைப்பே ஆய்வுக்கு ஒத்துவராது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. அதிலும் நியாயம் இருக்கிறது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தபோது, 1968-இல் அங்கே பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 209 கிராமங்கள், ஒரு நகரம், ஏறத்தாழ 2.8 லட்சம் பேர். நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுத்ததாகத் தெரியவில்லை என்று 1979-இல் முதல் அறிக்கை சொன்னபோது மருத்துவ உலகமே திடுக்கிட்டது. ஆனாலும் பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுகிறோம், மூளையைத் தாக்குவது போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது சிசுவைக் காக்கிறது. "பி.சி.ஜி. தேவையா, தேவையில்லையா?" என்று தலைப்பு வைத்தால் ஆய்வாளர் எந்த அணியில் உட்காருவார்? யாருக்கு, எந்த வகை நோய்க்கு, எந்த வயதில் என்று அவர் பிரித்துச் சொல்வதற்குள் நடுவர் மணியடித்துவிடுவார்.

பட்டிமன்றத்தின் மேல் எனக்குள்ள பழைய வழக்கு வேறு. அந்த மேடையில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரும் இருப்பதில்லை.

அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியை வைத்தே பேசுவோம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள், பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகள், அபாயக் கழிவைப் புதைக்கும் கிடங்கு எல்லாம் உண்டு. மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் கரித்தூள் கொட்டுகிறது என்பது உருக்காலைப் பக்கத்து வீடுகளின் தீராத புகார். "தொழில் வளர்ச்சியா, உடல்நலமா?" என்று அங்கே ஒரு பட்டிமன்றம் வைப்பதாகக் கொள்வோம். ஓர் அணியில் ஆய்வாளர், காற்றில் நுண்துகள் எவ்வளவு, இளைப்போடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று அடுக்குவார். எதிரணியில் யார்? ஆலை முதலாளியா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரா? ஒரு தமிழ்ப் பேராசிரியர். நாளைக்கே வேறு ஊரில் இதே தலைப்பில் மறு அணிக்காகவும் அவரால் பேச முடியும். சம்பளம் வந்ததால் அடுப்பெரிந்த குடும்பத்தின் கதை ஒன்றை அவர் எடுத்துவிட, கைதட்டலில் ஆய்வாளரின் எண்கள் காணாமல் போகும். வளர்ச்சியும் நலமும் நமக்கு இரு கண்கள் என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார். பொன்னாடை, நினைவுப் பரிசு. புகைபோக்கியில் வடிகட்டி எப்போது மாட்டுவார்கள் என்று யாரிடமும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உருக்காலையில் வேலை பார்க்கும் பிகார், ஒடிசாக்காரர்களுக்கு அந்த மேடையின் சிலேடைகள் புரியப்போவதும் இல்லை. அந்நேரம் அவர்கள் ஷிப்டில் இருப்பார்கள்.

வெளிநாட்டு விவாதத் திருவிழாக்களை முன்மாதிரி காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள். 1968-இல் ஸ்வீடனின் விஸ்பி நகரில் அரசியல் தலைவர் உலோஃப் பால்மெ ஒரு லாரி மேலேறிப் பேசியதிலிருந்து வளர்ந்ததுதான் அல்மெடாலன் வாரம். நாடாளுமன்றக் கட்சிகளின் தலைவர்கள் அங்கே வந்து பேசுவது மரபு. எண்களை வைத்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். நம் திருவிழாவுக்கும் அமைச்சர் வருவார், தொடக்க நாளில் ரிப்பன் வெட்ட.

பதில் சொல்ல வைக்கும் மேடை நம்மிடமும் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006 அறிவிக்கைப்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் அது. ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும், நடப்பதை வீடியோ எடுக்க வேண்டும், மக்கள் கேட்டதும் நிறுவனம் சொன்னதும் பதிவாக வேண்டும். யோக்கியமான மேடை என்று சொல்லமாட்டேன். தடித்த அறிக்கையைப் படிக்க 30 நாள், நிறுவனத்துக்குக் கைதட்டக் கூட்டிவந்த கும்பல், தள்ளுமுள்ளு. ஆனால் அங்கே சொன்னதை இல்லையென்று யாரும் மறுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு அதே அறிவிக்கை இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு தந்தது. ஆலைகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில்தான் ஊராரின் வாய் அடைபடுகிறது. ஒவ்வொரு புகைபோக்கியும் தன் வரம்புக்குள் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அத்தனையும் சேர்ந்து ஒரே நெஞ்சுக்குள் போவதைக் கணக்கிட்டுச் சொல்ல ஆய்வாளரை விட்டால் ஆளில்லை. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் நகைச்சுவைத் துணுக்குகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கலாமா?

ஆய்வாளரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. அந்த 209 கிராமத்து மக்கள் ஊசிக்குக் கை நீட்டினார்கள், சளி கொடுத்தார்கள். முதல் அறிக்கை வெளியானது உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், ஆங்கிலத்தில். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அப்படியொரு கடன் பாக்கி இருக்கும்போது, மேடைப் பேச்சை அதற்கு வட்டியாகக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சிப்காட்டை ஒட்டிய ஊராட்சிகளில் மே 1 அன்று நடக்கும் கூட்டத்துக்கு, அங்கே ஆய்வு செய்தவர் முடிவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகட்டும், தமிழ் தெரியாத தொழிலாளிக்கு இந்தியிலும் ஒடியாவிலும். ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றட்டும். ஒரு நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, இன்னொன்று தொழிற்சாலை ஆய்வாளருக்கு. அதற்குப் பிறகும் பட்டிமன்றக்காரர்கள் கூப்பிட்டால் தாராளமாகப் போகட்டும்.